வாசகர் கேள்வி பதில்: இணையப் பாதுகாப்பை இலவசமாகக் கற்க முடியுமா?

கேள்வி: என் மகள் கோவையில் ஒரு கலைக் கல்லூரியில் பி.காம். இறுதியாண்டு படிக்கிறாள். இணையப் பாதுகாப்புத் துறையில் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. காந்திபுரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஆறு மாதப் படிப்புக்குப் பெருந்தொகை கேட்கிறார்கள். அவளுடைய தோழியோ, அடிப்படைகளை இணையத்திலேயே, செய்து பார்த்துக் கற்கும் முறையில், இலவசமாகப் படித்துவிடலாம் என்கிறாள். காசு வாங்காமல் சொல்லிக் கொடுப்பதை நம்பலாமா?
ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: நம்பலாம். பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டுவதாகவே இருந்தாலும், அதற்கு முன் உங்கள் மகள் இலவசப் பாடம் ஒன்றையாவது முழுமையாக முடித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. சிஸ்கோ நிறுவனம் 1997இல் தொடங்கிய நெட்வொர்க்கிங் அகாடமி, இணையப் பாதுகாப்புக்கான அறிமுகப் பாடத்தை இலவசமாகவே தருகிறது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 2013 முதல் நடத்திவரும் பிகோ சிடிஎஃப் என்ற இணையப் பாதுகாப்புப் புதிர்ப் போட்டி, பள்ளி மாணவர்களை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டது என்பதால், கணினி அறிவியல் படிக்காதவரும் தயங்காமல் அதில் தொடங்கலாம். நம் நாட்டின் ஐஐடி போன்ற உயர்கல்வி நிறுவனங்கள் இணையவழி நடத்தும் என்பிடெல் பாடங்களையும் கட்டணமின்றிப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டித் தேர்வு எழுதுவோர் மட்டுமே அதற்குப் பணம் கட்ட வேண்டும்.

ஆனால், செய்து பார்த்துக் கற்பது என்ற பெயரில் வருவதெல்லாம் அப்படிப்பட்டதன்று. காணொளி முடிந்ததும் நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்லும் பாடத்தில் கைக்கு வேலையே இல்லை. கட்டளையை மாணவரே தட்டச்சு செய்து, அது பலிக்காமல் போய், ஏன் பலிக்கவில்லை என்று அவரே யோசிக்க வேண்டிய நிலை வர வேண்டும். ஓவர்தவயர் என்ற இலவசத் தளத்தில் உள்ள பேண்டிட் என்னும் விளையாட்டு இதற்கு நல்ல சான்று. எங்கோ உள்ள, லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ஒரு கணினிக்குள் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக நுழைந்து, அங்கிருக்கும் கடவுச்சொல்லைக் கண்டெடுத்தால் அடுத்த நிலைக்குச் செல்லலாம். முதல் கடவுச்சொல் உள்ள கோப்பை 'கேட்' என்ற கட்டளையால் எளிதில் படித்துவிடலாம். அடுத்த நிலையில் உள்ள கோப்புக்குச் சிறு கோடு ஒன்றுதான் பெயர். முன்பு போலவே கட்டளையிட்டால் திரையில் எதுவும் வராது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று தோன்றும். உண்மையில், அந்தக் கோட்டை 'விசைப்பலகையிலிருந்து வருவதைப் படி' என்று பொருள்கொண்ட கணினி, நாம் எதையாவது தட்டுவோம் என்று காத்துக்கொண்டிருக்கிறது. புள்ளி, சாய்கோடு, அதையடுத்து அந்தச் சிறு கோடு என்று கோப்பின் இடத்தையும் சேர்த்துக் கொடுத்தால் கடவுச்சொல் வந்துவிடும். நாம் எண்ணியது ஒன்றாகவும் கணினி எடுத்துக்கொண்டது வேறாகவும் இருக்கும் இந்த இடைவெளியைத்தான் பல தாக்குதல்கள் பயன்படுத்துகின்றன என்பதை, இதில் அரை மணி நேரம் திணறிய ஒருவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது.

பிகோ சிடிஎஃப் பயிற்சிகளுக்கான கட்டளைத் திரை உலாவியிலேயே திறப்பதால், பழைய மடிக்கணினி ஒன்று போதும். கைப்பேசியில் பாடத்தை வாசிக்கலாமே தவிர, கட்டளைகளைத் தட்டிப் பழகுவது பெரும்பாடு. பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், முதல் சில வாரங்கள் உங்கள் மகளுக்கு மெதுவாகவே நகரக்கூடும்; அதனால் கவலைப்பட வேண்டியதில்லை.

பி.காம். படிப்பு இதற்குத் தடையா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனம் தகவல்களை ஒழுங்காகக் காக்கிறதா என்று ஐஎஸ்ஓ 27001 தரத்தின்படி தணிக்கை செய்யும் பணி இத்துறையில் உண்டு. யாருக்கு எந்த அனுமதி, அதற்கு யார் ஒப்புதல், பதிவேடு எங்கே என்று கேட்கும் அந்தப் பணி, வணிகவியல் மாணவிக்கு அந்நியமானதாக இராது. அறிமுகப் பாடத்தின் சான்றிதழை மட்டும் காட்டி வேலை பெறுவது கடினம். தாம் தீர்த்த ஒவ்வொரு புதிரையும் எப்படித் தீர்த்தோம் என்று எழுதிவைத்திருப்பவரிடம் நேர்காணலில் பேசுவதற்குப் பொருள் இருக்கும். இவ்வளவும் முடித்த பிறகும் பயிற்சி நிலையத்தில் சேர அவர் விரும்பினால் சேரட்டும். அப்போது அங்குள்ளவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்பது அவருக்கே தெரிந்திருக்கும். வேலைக்கு உறுதி என்று வாயால் சொல்வதை எழுத்தில் தருவார்களா என்பதை மட்டும் நீங்கள் கேளுங்கள்.

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்களைப் போன்றோருக்கும் இணையப் பாதுகாப்புப் பாடம் தேவையா? கணினியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒருவர் இருக்கிறாரே?
ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: உங்களுக்குத்தான் முதலில் தேவை. எல்லா அடிப்படைப் பாடங்களும் மூன்று சொற்களில் தொடங்கும்: இரகசியம் காத்தல், மாறாமல் காத்தல், கிடைக்கச் செய்தல். வாங்குபவருக்கு நீங்கள் சொன்ன விலை போட்டியாளருக்குத் தெரியாதிருப்பது முதலாவது. இன்வாய்சில் உள்ள வங்கிக் கணக்கு எண்ணை வேறு எவரும் மாற்றாதிருப்பது இரண்டாவது. சரக்கு கிளம்பும் நாளில் கணினி திறப்பது மூன்றாவது. ஏற்றுமதியாளருக்குப் பெருநட்டம் வரும் வழி பெரும்பாலும் அந்த இரண்டாவதுதான். உங்கள் முகவரியைப் போலவே தோன்றும் ஒரு முகவரியிலிருந்து, ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிவைத்து, எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஒரு மின்னஞ்சல் போகும். அவரும் பணத்தை அனுப்பிவிடுவார். இதில் கணினியில் பழுது ஒன்றும் இல்லாததால், பார்த்துக்கொள்பவருக்கு எதுவும் தெரியவராது. கணக்கு மாற்றம் குறித்து எந்த மின்னஞ்சல் வந்தாலும், ஏற்கெனவே தெரிந்த தொலைபேசி எண்ணில் அழைத்து உறுதிசெய்த பிறகே பணம் அனுப்புவது என்று இரு தரப்பும் முன்னதாகவே பேசிக்கொள்வது நல்லது. பணம் போய்விட்டது என்று தெரிந்தால், வாடிக்கையாளர் உடனே தம் வங்கிக்குச் சொல்ல வேண்டும். இங்கே உங்கள் கணக்கிலிருந்தே பணம் போயிருந்தால், வங்கிக்குச் சொல்வதோடு, இணையவழிப் பண மோசடிகளுக்கான உதவி எண்ணான 1930ஐயும் தாமதமின்றி அழையுங்கள்.

மூன்றாவதற்கும் ஒரு சொல். 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற தீநிரல் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை, மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாதவர்கள்தான் பெரும்பாலும் சிக்கினார்கள். 'அப்டேட்' என்று திரையில் வரும்போது, சம்பளப் பட்டியல் போடும் நேரத்தில் இது வேறா என்று தள்ளிவைக்கும் வழக்கம் எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறது.

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். ஹேக்கிங் பழகினால் போலீஸ் பிடிக்குமா?
ஒரு மாணவர், பவானி

பதில்: பழகுவதற்கென்றே திறந்துவைத்த இடத்தில் பழகினால் பிடிக்காது தம்பி. பேண்டிட்டும் பிகோ சிடிஎஃப்பும் உள்ளே நுழையச் சொல்லியே அழைப்பவை. அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் தீய நோக்குடன் நுழைவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ பெற்றுத்தரும். விளையாட்டாகச் செய்தேன் என்று பிறகு சொல்லி நோக்கத்தை விளக்கும் நிலைக்கு ஆளாக வேண்டாம். உங்கள் பள்ளியின் இணையதளத்தில் தற்செயலாக ஓட்டை எதுவும் கண்ணில் பட்டால், அதன் வழியே போய்ப் பார்க்காமல், கண்டதைக் கண்டபடி எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். இணையப் பாதுகாப்புச் சிக்கல்களைக் கவனிக்கும் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பும் இத்தகைய தகவல்களைப் பெற்றுக்கொள்கிறது.