வாசகர் கேள்வி, எங்கள் பதில்: குளிர்க்கடலின் கலங்கலைச் செய்மதி எப்படி அளக்கிறது?

தலவாக்கலையிலிருந்து ஓர் ஆசிரியை: கிறீன்லாந்துக் கரையோரத்தின் செய்மதிப் படமொன்றை வகுப்பில் காட்டினேன். கருநீலக் கடலுக்குள் பால் ஊற்றியதுபோல ஒரு வெண்பட்டை நீண்டு கிடந்தது. அது கலங்கல் நீர் என்று சொன்னதும், அவ்வளவு உயரத்திலிருந்து அதை எப்படி அளப்பார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டாள். நிறத்தைப் பார்த்துத்தான் சொல்கிறார்களா?

பதில்: நிறத்தைப் பார்த்து என்பது பாதி சரி, மற்றப் பாதியில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள். செய்மதி சேற்றை அளப்பதில்லை. நீருக்குள் போய்த் திரும்பி மேலெழும் ஒளியை அளக்கிறது. அந்த ஒளியில் எவ்வளவு துகள்களால் சிதறி வந்தது, எவ்வளவு நீரில் கரைந்த நிறப்பொருளால் விழுங்கப்பட்டது என்று பிரித்தறிவதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது.

இதை வகுப்பில் காட்ட இரண்டு கண்ணாடிக் குவளைகள் போதும். ஒன்றில் நம் வீடுகளில் சாயத்தண்ணி என்று சொல்லும் பால் சேர்க்காத தேநீரை ஊற்றுங்கள். மற்றதில் தெளிந்த நீர் ஊற்றி அரைத் தேக்கரண்டி பால்மாவைக் கரையுங்கள். அறையை இருட்டாக்கி, கைப்பேசியின் டோர்ச் ஒளியை ஒரு பக்கத்திலிருந்து பாய்ச்சி, ஒளி செல்லும் திசைக்குச் செங்குத்தான பக்கத்தில் நின்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். சாயத்தண்ணி எவ்வளவு கடுமையான நிறத்தில் இருந்தாலும் பக்கவாட்டில் இருண்டே கிடக்கும். உள்ளே போட்ட கரண்டியும் தெரியும். பால்மாக் குவளையோ முழுவதும் ஒளிரும், கரண்டி மறைந்துவிடும். (தேநீர் சூடாகவே இருக்கட்டும். கடுஞ்சாயம் ஆறினால் தானே மங்கிக் கலங்கும் என்பது தேயிலை மலையில் வாழும் நமக்குத் தெரியாததல்ல.) கலங்கல் என்பது அந்த இரண்டாவது குவளையின் குணம். ஆய்வுகூடத்துக் கலங்கல்மானியும், ஒளியை ஒரு பக்கம் பாய்ச்சி 90 பாகைத் திசையில் சிதறுவதை அளந்தே தன் எண்ணைத் தருகிறது.

கிறீன்லாந்தின் பனியாறுகள் நகரும்போது அடியிலுள்ள பாறையை அம்மியில் அரைப்பதுபோல அரைக்கின்றன. அப்படி அரைபட்ட, மாவைப்போல் நுண்ணிய கல்தூளைக் கோடையில் உருகும் நீர் கடலுக்குக் கொண்டுவருகிறது. நன்னீர் உப்புநீரைவிட அடர்த்தி குறைந்ததால் அது கடலின் மேல் மெல்லிய போர்வையாகப் பரவுகிறது. தூளும் எளிதில் அடியில் படிவதில்லை. உங்கள் பிள்ளைகள் பார்த்த வெண்பட்டை இதுதான்.

எல்லாக் குளிர்க்கடலும் இப்படிப் பால்நிறமாவதில்லை. சைபீரியாவின் லேனா போன்ற ஆறுகளும், பால்டிக் கடலில் விழும் ஆறுகள் பலவும் சதுப்பு நிலத்தில் ஊறி வருவதால் சாயத்தண்ணி நிறத்தில் இருக்கின்றன. அந்தச் சாயம் நீல ஒளியை வெகுவாக உறிஞ்சிவிடும். நீலத்தையும் பச்சையையும் ஒப்பிட்டு ஆழ்கடலை அளக்கப் பழகிய கணக்கு இங்கே காலை வாரிவிடுவது அதனால்தான். கலங்கல் கணிப்பவர்கள் சாயத்தின் தொல்லை குறைந்த சிவப்பு ஒளியை, ஏறத்தாழ 645 முதல் 665 நனோமீற்றர் வரை அலைநீளமுள்ள பகுதியை, நாடுகிறார்கள். தூய நீர் தானே சிவப்பை உறிஞ்சி இருண்டு தோன்றும். துகள் கூடக் கூட அந்த இருள் வெளுக்கும்.

ஒரு கட்டத்துக்கு மேல் இந்த வழியும் மங்கிவிடும். துகள் மிகவும் நெருங்கிய நீரில் இன்னொரு கூடை மண்ணைக் கொட்டினாலும் சிவப்பு கூடுவதில்லை. அப்போது சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத, 860 நனோமீற்றரை அண்டிய செந்நிறக்கீழ் ஒளிக்கு மாற வேண்டும். அதை நீர் இன்னும் பலமாக உறிஞ்சுவதால் இருளும் வெளுப்பும் அங்கே தெளிவாகப் பிரியும். 2015இல் வெளியான, இன்று பரவலாகக் கையாளப்படும் ஒரு முறை, நீரின் சிவப்புத் தெறிப்பு (விழும் சிவப்பு ஒளியில் நீர் திருப்பி அனுப்பும் பங்கு) 0.05இற்குக் கீழே இருந்தால் சிவப்பையும் 0.07இற்கு மேலே இருந்தால் செந்நிறக்கீழ் ஒளியையும் பயன்படுத்தி, இடைப்பட்ட நிலையில் இரண்டையும் விகிதப்படி கலந்து கொள்கிறது. அது சோதிக்கப்பட்ட இடங்கள் ஐரோப்பாவின் வடகடலின் தென்பகுதி, பிரான்சின் ஜிரோந்து முகத்துவாரம், தென்னமெரிக்காவின் லா பிளாட்டா போன்றவை. பனியாற்றுத் தூளின் பருமனும் வடிவமும் ஆற்று வண்டலுடையவை அல்ல; ஆகையால் அதே சூத்திரத்தைக் கிறீன்லாந்துக்கு அப்படியே பொருத்திவிட்டு வரும் எண்ணை, அங்கேயே நீர் அள்ளிச் சரிபார்க்காமல் நான் நம்பமாட்டேன்.

பண்டாரவளையிலிருந்து ஓர் உயர்தர வகுப்பு மாணவர்: நீரிலிருந்து வரும் ஒளி வளிமண்டலத்தைக் கடந்துதானே செய்மதியை அடைகிறது? அந்தத் தாக்கத்தை எப்படி நீக்குகிறார்கள்? குளிர்ப் பிரதேசத்தில் அது இன்னும் கடினமா?

பதில்: சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். மழை ஓய்ந்த காலையில் பக்கத்து மலைச்சரிவின் தேயிலை பச்சையாகவும், அதற்கப்பாலுள்ள தொடர் நீலமாகவும், அதற்கும் அப்பாலுள்ளது சாம்பல் நீலமாகவும் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். தூரத்து மலையில் பூசியிருக்கும் அந்த நீலம் இடையிலுள்ள காற்று சிதறடித்த ஒளி. செய்மதி கடலைப் பார்க்கும்போது இதே நிலைதான், இன்னும் மோசமாக. தெளிந்த கடலுக்கு மேலே செய்மதியை அடையும் ஒளியில் ஏறத்தாழ 90 வீதம் காற்றிலிருந்து வந்தது. மீதியுள்ள சிறு பங்கில்தான் நீர் பற்றிய செய்தி இருக்கிறது.

காற்றின் பங்கைக் கணிக்க, நீர் எந்த ஒளியையும் திருப்பி அனுப்பாத ஓர் அலைநீளத்தைப் பிடிக்க வேண்டும். அங்கே தெரிவதெல்லாம் காற்றினுடையது என்று கொள்ளலாம். ஆழ்கடலில், சிவப்பை அடுத்துள்ள செந்நிறக்கீழ் ஒளி இதற்குப் போதும். கலங்கிய நீர் அங்கும் ஒளிர்வதால், 1600, 2200 நனோமீற்றர் அளவிலுள்ள நீண்ட செந்நிறக்கீழ் அலைகளுக்குப் போகிறார்கள். லான்ட்சாட் 8, சென்டினல் 2 ஆகிய செய்மதிகளில் இந்த அலைவரிசைகள் உண்டு.

குளிர்க்கடலில் முதல் இடைஞ்சல் தாழ்ந்த சூரியன். நம் மலைநாட்டில் டிசம்பர் 21 அளவில் நண்பகலிலும் சூரியன் ஏறத்தாழ 60 பாகை உயரத்தில் நிற்கும். 60 பாகை வட அகலக்கோட்டில் அதே நாளில் அது 7 பாகையைக்கூட எட்டாது. இன்னும் வடக்கே போனால் உதிப்பதே இல்லை. சூரியன் 20 பாகை உயரத்தில் நின்றாலே அதன் ஒளி செங்குத்தாக விழுவதைப்போல் மூன்று மடங்கு தடிப்பான காற்றைக் கடக்க வேண்டும். அதனால் குளிர்காலப் படங்களைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரையுள்ள படங்களைக் கொண்டே வேலை நடக்கிறது. துருவத்தை நெருங்க நெருங்கச் செய்மதிப் பாதைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் அங்கே படங்கள் அடிக்கடி கிடைக்கும் என்பது சிறு ஆறுதல்.

இரண்டாவது இடைஞ்சல் பனிக்கட்டி. சென்டினல் 2 படத்தின் ஒரு புள்ளி 10 மீற்றர் சதுரம். அதற்குள் மேசையளவு பனிக்கட்டி ஒன்று மிதந்தாலும் புள்ளி முழுவதும் வெளுத்து, நீர் கலங்கியதுபோல் வேடமிடும். கரையிலுள்ள பனிவெளியின் பிரகாசமும் காற்றில் சிதறி, பக்கத்து நீர்ப்புள்ளிகளுக்குள் கசியும். பனி கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வெளுத்தும் 1600 நனோமீற்றரில் இருண்டும் இருப்பதால், பெரிய கட்டிகளை இனங்கண்டு வெட்டிவிடலாம். நீரும் அந்த அலையில் இருண்டதே என்பதால் சில்லறைக் கட்டிகள்தான் தப்பிவிடுகின்றன.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகர்: மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் கலங்கலை இப்படி அளக்க முடியுமா?

பதில்: முடியும். சென்டினல் 2 படங்கள் இலவசம். நீர்த்தேக்கமும் 10 மீற்றர் புள்ளிகளுக்குப் போதிய அகலமுடையது. பனிக்கட்டியின் இடத்தில் உங்களுக்குக் கரையோரப் பச்சை தொல்லை தரும்; செந்நிறக்கீழ் ஒளியில் தேயிலையும் மரமும் மிகப் பிரகாசமானவை என்பதால் கரையை ஒட்டிய புள்ளிகளைக் கழித்துவிடுங்கள். தென்மேற்குப் பருவ மழைக்காலத்தில் முகில் பல வாரங்களை விழுங்கும். வறட்சியில் நீர் வற்றிப் பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும் காலத்தில் நீரின் எல்லைக்கோட்டை ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக வரைய வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்த சேற்றையே கலங்கல் நீராகக் கணக்கிடுவீர்கள்.

சரிபார்க்க நீர் அள்ளும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். செய்மதி காலை பத்தரை மணியளவில் கடக்கும். பிற்பகல் மழையில் ஓயா கலங்கிய பிறகு அள்ளிய போத்தலை அன்றைய காலைப் படத்தோடு ஒப்பிடக் கூடாது.