மாடியில் நாடகம், கீழே அடுப்பு

அன்புள்ள மேடம்,

போன வாரம் ஹிரிஷிகேஷ் முகர்ஜியின் 'கூப்சூரத்' பார்த்தேன். 1980இல் வந்த இந்திப் படம் என்றே தோன்றவில்லை. அதில் தீனா பாடக் நடித்திருக்கும் நிர்மலா அப்படியே என் அம்மா. ஆறு மாதம் முன்பு பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். இனிமேலாவது ரிலாக்ஸாக இருப்பார் என்று பார்த்தால், ஃபிரிட்ஜ் கதவில் புதிதாக டைம்டேபிள் ஒட்டியிருக்கிறார். ஏழே காலுக்கு டிபன் என்பதில் ஆரம்பித்து, யார் துண்டு எந்தக் கொடியில் என்பது வரை. ஒருநாள் ராத்திரி, "நாளைக்குக் காலையில கொடைக்கானல் கிளம்பலாம்மா" என்றேன். "பால் யாரு வாங்குவா?" என்றார். இது ஓசிடியோ, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் அந்த மனநோயோ என்றுகூட யோசிக்கிறேன். அவரை உட்காரவைத்து இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். மொட்டை மாடியில் நாடகம் போடும் இடம் வந்ததும், "இவ்வளவு ஆட்டம் போடுறாங்களே, காலையில எந்திரிச்சு அடுப்பு பத்த வைக்கிறது யாரு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஸ்பான்டேனியஸாக வாழ்வதை அறுபது வயதில் ஒருவர் கற்றுக்கொள்ள முடியுமா? இதன் தமிழ் வடிவமான 'லட்சுமி வந்தாச்சு' அம்மாவுக்குப் பிடிக்குமா?

பி., மதுரை

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். 'லட்சுமி வந்தாச்சு' 1986இல் வந்தது. ரேவதி, பத்மினி, சிவாஜி. ரேவதிக்காகப் பார்க்கலாம். ஓசிடி என்ற சொல்லைத் தயவுசெய்து கீழே வையுங்கள். அது ஆட்களை உள்ளிருந்து வதைக்கிற நோய். துண்டு காயவைக்கும் கொடிக்கெல்லாம் அந்தப் பெயரைச் சூட்டக்கூடாது.

உங்கள் அம்மா கேட்டாரே, அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன். இருபது வருடமாக இந்தப் படத்தைப் பற்றி எழுத நினைத்து, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் விட்டுவைத்திருந்தேன். அவர் எழுந்து போகிற போக்கில் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். நீங்கள் அதை ஜோக்காக எழுதியிருக்கிறீர்கள்.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: புனேயில் ஒரு பெரிய குடும்பம். எழுவது, சாப்பிடுவது, தூங்குவது எல்லாமே நிர்மலா வைத்த சட்டம். புது மருமகளின் தங்கை மஞ்சு விருந்தாளியாக வந்து வீட்டைத் தலைகீழாக்குகிறாள். மஞ்சுவாக ரேகா. அந்த வீட்டுக்கு 'நிர்மல ஆனந்தம்' வேண்டும் என்கிறாள், கள்ளமில்லாத சந்தோஷம் என்ற பொருளில். அந்த வீட்டம்மாவின் பெயரையே எடுத்து அவருக்கு எதிராக வீசுகிற குறும்பு அது. வசனம் குல்சார்.

நான் இதை முதலில் தூர்தர்ஷனில் பார்த்தேன், அரைகுறை இந்தியோடு. அப்போது நான் முழுக்க மஞ்சு கட்சி. இப்போதும் படம் பிடிக்கும். ஆனால் இப்போது நான் பார்ப்பது ஒரே ஒரு முகத்தைத்தான். மாடியில் தன்னைச் சர்வாதிகாரியாக வைத்து வீடே நாடகம் போடுவது தெரியவரும்போது தீனா பாடக்கின் முகம். குஜராத்தி மேடையில் ஊறிய நடிகை. முந்தைய வருடம்தான், 1979இல், இதே இயக்குநரின் 'கோல்மால்' படத்தில் பொய் அம்மாவாக நடிக்க வந்து, சமையலறை ஜன்னல் வழியாக ஏறிக் குதித்தவர். அதன் தமிழ் வடிவமான 'தில்லு முல்லு'வில் சௌகார் ஜானகி செய்த அதே வேடம். அத்தனை குறும்பு செய்யத் தெரிந்த உடம்பை இதில் அப்படியே இறுக்கி, ஒரு கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார். அந்த முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தேன். 'இவ்வளவு நாளும் இப்படித்தான் நினைத்தீர்களா' என்ற கேள்வி மட்டும்தான் இருக்கிறது.

உங்களுக்கு அந்த முகம் தெரியவில்லையா? உங்கள் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அந்தக் காட்சியைப் போட்டிருக்கிறீர்கள். நீங்கள் செய்ததும் அந்த மாடி நாடகம்தான், தம்பி. கொஞ்சம் கூச்சப்படுங்கள்.

என் பெரியம்மா வீடு திருச்சி உறையூரில். பதினோரு பேர். தண்ணீர் காலை நாலரைக்கு வரும், ஐந்தரைக்கு நின்றுவிடும். புதனும் சனியும் மாவு அரைக்கிற நாள். பால் கணக்கு சமையலறைக் கதவுக்குப் பின்னால் கரிக்கோடாக ஏறிக்கொண்டே போகும். சலவைக்குத் தனி நோட்டு. ஏழு டிபன் பாக்ஸ், எதில் ஊறுகாய் கூடாது என்பதுவரை மனப்பாடம். பரீட்சை லீவில் போனால் எங்களுக்கெல்லாம் அவரைக் கண்டால் நடுக்கம். ஹெட்மாஸ்டர் என்று பெயர் வைத்திருந்தோம்.

பெரியப்பா நேர்மாறு. நினைத்தால் கிளம்புவார், நினைத்தபோது வருவார். ராத்திரி ஒன்பது மணிக்கு நாலு பேரோடு வந்து நின்று, "இவங்களும் சாப்பிடுறாங்க" என்பார். ஊரே அவரைக் கொண்டாடும். ஜாலியான மனுஷன். நீங்கள் சொல்கிற ஸ்பான்டேனியஸ்.

எனக்குப் பல வருடம் கழித்துத்தான் ஒரு விஷயம் உறைத்தது. பெரியம்மா தினமும் இரண்டு ஆழாக்கு அரிசி கூடுதலாக உலையில் போடுவார். பெரியப்பா யாரையாவது கூட்டிவந்தால் என்று. வராத நாளில் அது தண்ணீர் ஊற்றிய சோறாகும், காலையில் பெரியம்மா அதைச் சாப்பிடுவார். பெரியப்பாவின் 'திடீர்' எல்லாம் பெரியம்மாவின் அட்டவணையில் ஏற்கெனவே இருந்தது, இரண்டு ஆழாக்காக.

இதைத்தான் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி அலுக்கவைக்கிறேன். இதே முகர்ஜி 1972இல் 'பாவர்ச்சி' எடுத்தார். அதில் வீடு கலவரமாகக் கிடப்பதற்குக் காரணம், காலையில் எழுந்து டீ போட ஆளில்லாததுதான். எல்லாரும் அவரவர் இஷ்டப்படி இருக்கிறார்கள், அதனால் எல்லாருக்கும் எல்லார்மேலும் எரிச்சல். எட்டு வருடம் கழித்து அதே மனிதர், டீ நேரத்துக்கு வந்துவிடுகிற வீட்டை எடுத்துக்கொண்டு, இங்கே மூச்சு முட்டுகிறது என்கிறார். இரண்டும் உண்மைதான். மூத்த மருமகள் நடனத்தை மறைத்துவைக்க வேண்டியிருப்பதற்கு நிர்மலாவைத்தான் கேள்வி கேட்க வேண்டும், அதில் நான் சமாதானம் சொல்லமாட்டேன். என் பெரியம்மாவும் ஒரு மருமகளின் வீணையைப் பரணில் ஏற்றியவர். ஆனால் 'கூப்சூரத்'தை மட்டும் பார்த்தவர்கள் பாதிக் கதையைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் பாதியிலும் கவனிப்பதில்லை. நிர்மலாவின் கணவராக வரும் அசோக் குமாருக்கு மாரடைப்பு வரும்போது மஞ்சு பாட்டா பாடினாள்? தலை கலங்காமல், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவேண்டியதைச் செய்தாள். நிர்மலா அவளை ஏற்றுக்கொள்வது அங்கேதான்.

அப்புறம், 'கற்றுக்கொள்ள முடியுமா' என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா.

கடைசிப் பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்த பதினைந்தாம் நாள், பெரியம்மா மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம். ஆறு மணிக்கு விளக்கு ஏற்றவில்லை என்றுதான் வீட்டில் முதலில் கவனித்தார்கள். ஆள் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. பையன்கள் ஆளுக்கொரு சைக்கிளில் தேடப் போனார்கள். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார். ஏழரைக்குப் பெரியம்மா வந்து சேர்ந்தார்.

"கோயிலுக்கா போனே?"

"இல்ல."

"பின்ன?"

"அம்மா மண்டபத்துல உக்காந்து தண்ணியப் பாத்துட்டு இருந்தேன். சும்மாதான்."

கோயிலுக்கு என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். சும்மா என்றதைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் அவரைத் திட்டாதவர் இல்லை. நினைத்தால் கிளம்புகிற பெரியப்பாதான் எல்லாரையும்விட அதிகம் திட்டினார். நானும் அங்கே இருந்தேன், கல்லூரி லீவு. "சொல்லிட்டுப் போகக்கூடாதா பெரியம்மா" என்றேன். மஞ்சு கட்சி! அதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வையை அப்புறம் அந்தப் படத்தில்தான் மறுபடி பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் உலை வைத்தார், இரண்டு ஆழாக்கு கூடுதலாக. அதற்குப் பிறகு அவர் தனியாக எங்கும் போகவில்லை.

கொடைக்கானலுக்குத் திடீரென்று கிளம்பியிருந்தால் ஸ்வெட்டர் எங்கே, மாத்திரை எங்கே, கேஸ் மூடியாயிற்றா, செடிக்குத் தண்ணீர் யார் என்று அந்த ஒரு ராத்திரியில் யோசித்திருக்கவேண்டியது யார்? உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நீங்கள் சொன்னது இருக்கிறது, நீங்கள் போட்டுக் காட்டியது இருக்கிறது. நீங்கள் செய்தது என்று ஒன்றும் இல்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிற பையன் அம்மாமேல் பிரியமில்லாதவனாக இருக்க முடியாது. நாளைக்குக் காலையில் பாலை நீங்கள் வாங்குங்கள். ஒன்றரை லிட்டரா இரண்டா, நீலமா பச்சையா என்று அவரை எழுப்பிக் கேட்காமல். ஒரு மாதம் வாங்குங்கள். பிறகு ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது அவர் இல்லையென்றால், போன் போட்டுத் தொந்தரவு செய்யாமல் விளக்கை ஏற்றிவிட்டு இருங்கள்.

மீதிப் படத்தை அம்மா பார்த்தாரா? பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று அவர் சொன்னபடியே எனக்கு எழுதுங்கள்.