வேலை நின்றதும் இ.எஸ்.ஐ. நின்றுவிடாது

கேள்வி: ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தேன். ஆர்டர் இல்லை என்று மார்ச் கடைசியில் எங்களை நிறுத்திவிட்டார்கள். கணவருக்கு இதயத்தில் அடைப்பு. ஸ்டென்ட் வைக்கவேண்டி வரலாம் என்கிறார்கள். தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு போய்விட்டதே, முதலமைச்சர் காப்பீட்டில் சேர முடியுமா?
- ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: சேரலாம், சகோதரி. ஆனால் உங்கள் இ.எஸ்.ஐ. இன்னும் போகவில்லை, அதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். வேலையோடு வைத்தியமும் போயிற்று என்று நம்பி நகையை அடகு வைப்பவர்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. சம்பளத்தில் நூறு ரூபாய்க்கு 75 காசு பிடித்தார்களே, அது உங்கள் பணம். அக்டோபர் முதல் மார்ச் வரை குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டப்பட்டிருந்தால், ஜூலை தொடங்கி டிசம்பர் 31 வரை உங்களுக்கும் கணவருக்கும் சிகிச்சை உண்டு. ஜூன் வரையிலான உரிமை அதற்கு முந்தைய ஏப்ரல்-செப்டம்பர் சந்தாவில் வருகிறது. கம்பெனி உண்மையிலேயே கட்டியதா என்று இன்சூரன்ஸ் எண்ணைச் சொல்லி இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேளுங்கள். கட்டியிருந்தால் கணவரை உடனே இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு அழைத்துப் போய்ப் பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரை வாங்குங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

டிசம்பருக்குப் பிறகு கைகொடுக்கப்போவது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஸ்டென்ட், பைபாஸ் எல்லாம் அதில் அடக்கம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். உங்கள் பழைய சம்பளம் அந்த வரம்பைத் தாண்டியிருக்கலாம். அதனால் வருமானச் சான்று கேட்கப் போகும்போது வேலை நின்றதற்கான கடிதத்தையும், சம்பளம் வராமல் நின்றது தெரியும் பாங்க் பாஸ்புக்கையும் கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டி, இன்றைய நிலையை உள்ளபடி சொல்லுங்கள். கடிதம் தரவில்லை என்றால் கம்பெனியிடம் விடாமல் கேட்டு வாங்குங்கள்.

சான்று கிடைத்ததும் ரேஷன் கார்டு, ஆதாரோடு இருவரும் கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள். பழைய பழக்கத்தில் வேலூர் சத்துவாச்சாரிக்கு பஸ் ஏறிவிடாதீர்கள். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் ஆம்பூருக்குத் திருப்பத்தூர்தான். கணவர் பெயர் உங்கள் ரேஷன் கார்டில் இருக்கிறதா, ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. 'நான் முடித்துத் தருகிறேன்' என்று வருபவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. முதலமைச்சர் காப்பீட்டில் பணம் கட்டிவிட்டு ரசீதைக் காட்டித் திரும்ப வாங்க முடியாது. சேர்க்கும்போதே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டி, சிகிச்சைக்கு அனுமதி வந்துவிட்டதா என்று கேளுங்கள். எந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது என்பதை 1800 425 3993 என்ற இலவச எண்ணில் விசாரிக்கலாம். அட்டை வருவதற்குள் நெஞ்சுவலி வந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். அரசு மருத்துவமனையில் அட்டை இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பமாட்டார்கள்.