அந்த மறுப்பு பொய்யா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பீட்டில்ஸ் என்னும் பிரிட்டிஷ் ராக் குழுவைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில், அதன் கிதார்க்காரர் ஜார்ஜ் ஹாரிசனின் கடைசி ஆண்டில் டாப்லாய்டு எனப்படும் பரபரப்புக் கிசுகிசு இதழ்கள் அவரை 'வேட்டையாடின' என்று ஒரு வரி வருகிறது. அந்தச் சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. 2001 ஜூலையில் பிரிட்டனின் ஞாயிறு இதழ் ஒன்று, ஹாரிசன் தம் சாவை எதிர்நோக்கி இருக்கிறார் என்று எழுதியது. அவரும் மனைவி ஒலிவியாவும் அது ஆதாரமற்றது, அருவருப்பூட்டுவது என்று அறிக்கை விட்டார்கள். அதே ஆண்டு நவம்பர் 29 அன்று அவர் இறந்துபோனார். இடையில் நான்கே மாதம். அப்படியானால் இதழ் எழுதியது மெய், அவர்கள் மறுத்ததுதான் பொய் என்றாகிறதல்லவா? மெய்யை எழுதியவனை வேட்டைக்காரன் என்பது என்ன நியாயம்?

இன்னொன்று. இந்த ராக் நட்சத்திரங்கள் பத்திரிகைகளை வைத்தே வளர்ந்தவர்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவை அதன் மேலாளர் பொல்லாத பிள்ளைகள் என்று காட்டித்தான் விற்றார். வயதாகி, நோய் வந்து, முகம் வாடிய பிறகு மட்டும் 'என் அந்தரங்கம்' என்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற வங்கி ஊழியன், வயது 66. ஹாரிசனின் பாட்டை நாற்பது வருடங்களாகக் கேட்டு வருகிறேன். அவருக்கு என்ன ஆயிற்று என்று அறிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லையா?

அன்புடன்,
செ. மா., தஞ்சாவூர்

அன்புள்ள செ. மா. அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த நான்கு மாதக் கணக்கு. மற்றவற்றுக்குப் பிறகு வருகிறேன். முதலில் அதை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியை ஹாரிசனின் பக்கம் நிற்பவர்கள் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறார்கள்.

அந்த ஜூலையில் எது ஏற்கெனவே வெளியில் தெரிந்திருந்தது என்று பாருங்கள். 1990களின் இறுதியில் தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றதை ஹாரிசன் தாமே சொல்லியிருந்தார். 2001 மே மாதத்தில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் நுரையீரல் அறுவைச் சிகிச்சை நடந்ததை அவருடைய வழக்கறிஞரே அறிவித்திருந்தார். அதன்பின் சுவிட்சர்லாந்தின் பெல்லின்சோனா நகரில் அவர் சிகிச்சை பெற்றதும் செய்தியாகியிருந்தது. ஆக, நோய் இருப்பதை யாரும் மறுக்கவில்லை. அந்த ஞாயிறு இதழ் எழுதியது வேறு. தாம் விரைவில் சாகப் போவது ஹாரிசனுக்குத் தெரியும், அதை அவர் மனதார ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று, பீட்டில்ஸின் பழைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் சொன்னதாக அது எழுதியது. தாம் அப்படிச் சொல்லவில்லை என்று மார்ட்டினும் மறுத்தார்.

ஒருவருக்கு இன்ன நோய், இன்ன ஊரில் சிகிச்சை என்பது தகவல். தம் சாவை அவர் ஏற்றுக்கொண்டுவிட்டாரா என்பது அவருடைய மனத்தில் நடக்கும் ஒரு காரியம். ஒருவேளை காலையில் ஏற்றுக்கொண்டு மாலையில் ஏற்க மறுக்கும் காரியம். வேறு சிகிச்சை தேடிக்கொண்டிருந்த, நவம்பரில்கூட நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சைக்காகப் போன ஒரு மனிதர், 'நான் சாகத் தயாராகிவிட்டேன்' என்று அச்சில் வந்ததைப் படித்து அருவருப்பு அடைந்ததில் பொய் எங்கே இருக்கிறது? நவம்பரில் அவர் இறந்தார் என்பதால் ஜூலையில் அவர் மனத்தைப் பற்றி எழுதியது மெய்யாகிவிடாது. பரீட்சையில் தோற்ற பிள்ளையைப் பார்த்து, 'நீ தோற்பாய் என்று நான் ஜூன் மாதமே சொன்னேனே' என்பவரை நாம் சோதிடர் என்றுகூட மதிப்பதில்லை.

மெய்யா பொய்யா என்ற கேள்வி முக்கியமாக இருந்த வழக்குகளும் உண்டு. பிரிட்டிஷ் பாடகர் எல்டன் ஜானின் வழக்கு அப்படிப்பட்டது. 1987இல் பிரிட்டனின் 'தி சன்' டாப்லாய்டு இதழ் அவருடைய படுக்கையறையைப் பற்றி வரிசையாகப் பொய்க் கதைகளை வெளியிட்டது. அவர் வழக்குமேல் வழக்காகத் தொடுத்தார். இடையில் அவருடைய வீட்டுக் காவல் நாய்கள் குரைக்காமல் இருப்பதற்காக அவற்றின் குரல்வளையை அறுத்துவிட்டார்கள் என்று இன்னொரு கதை வந்தது. நாய்கள் நன்றாகவே குரைத்துக்கொண்டிருந்தன. இதழ் சொன்ன இனத்து நாய்கள்கூட அல்ல அவை. நீதிமன்றத்தில் நாயைக் குரைக்க வைத்தே நிரூபிக்கக்கூடிய அளவுக்கு வெளிப்படையான பொய் அது. 1988 டிசம்பரில் இதழ் 10 லட்சம் பவுண்டு கொடுத்து, முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் மன்னிப்பும் கேட்டது. பொய்க்கு இப்படி ஒரு மருந்து இருக்கிறது. செலவு அதிகம், காலம் பிடிக்கும், ஆனால் இருக்கிறது.

மெய்க்கு அப்படி எளிய மருந்து இல்லை என்பதால்தான் உங்கள் கேள்வி கடினமானது. லக்னோவில் பிறந்து இங்கிலாந்தில் பாடகரான கிளிஃப் ரிச்சர்டை உங்கள் தலைமுறைக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2014 ஆகஸ்ட் 14 அன்று, பழைய குற்றச்சாட்டு ஒன்றின் பேரில் போலீஸார் பெர்க்‌ஷயரில் உள்ள அவருடைய வீட்டைச் சோதனையிட்டார்கள். அவருக்கு அப்போது 73 வயது; போர்ச்சுகலில் இருந்தார். சோதனை நடக்கும்போதே பிபிசி ஹெலிகாப்டரை மேலே சுற்றவிட்டு, ஜன்னல் வழியாகத் தெரிந்த போலீஸாரைப் படம்பிடித்து ஒளிபரப்பியது. டாப்லாய்டு வேலையை டாப்லாய்டு அல்லாத ஒரு நிறுவனம் செய்தது. சோதனை நடந்தது மெய். படத்தில் தெரிந்தது அவர் வீடு என்பதும் மெய். அவர் கைது செய்யப்படவே இல்லை. வழக்குத் தொடரப்போவதில்லை என்று 2016இல் அறிவிக்கப்பட்டது. 2018 ஜூலையில் உயர் நீதிமன்றம், பிபிசி அவருடைய அந்தரங்க உரிமையை மீறியது என்று கூறி 2,10,000 பவுண்டு இழப்பீடு விதித்தது. அதில் 20,000 பவுண்டு எதற்காகத் தெரியுமா? அந்த ஒளிபரப்பை 'ஆண்டின் சிறந்த முந்துசெய்தி' விருதுப் போட்டிக்குப் பிபிசி அனுப்பியதற்காக. புண்ணில் உப்பைத் தடவியதற்குத் தனி விலை போட்ட அந்த நீதிபதியை எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது ஸ்டேட்டன் தீவுக்கு வருகிறேன். 'வேட்டை' என்ற சொல்லை நான் எழுதியபோது மனத்தில் இருந்தது அந்த ஞாயிறு இதழ் அல்ல, இந்தக் காட்சிதான். ஹாரிசனின் சொத்துப் பொறுப்பாளர்கள் 2004 ஜனவரியில் நியூயார்க்கில் தொடுத்த வழக்கின் மனுவில் இது இருக்கிறது. சிகிச்சை அளித்த மருத்துவர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஹாரிசன் தங்கியிருந்த வீட்டுக்குப் போகிறார். மகன் கிதார் வாசித்துக் காட்டுகிறான். பிறகு அந்தக் கிதார் நோயாளியின் மடியில் வைக்கப்படுகிறது, கையெழுத்துக்காக. என் பெயரை எழுத்துக் கூட்டி எழுத எனக்கு இன்னும் தெரியுமா என்றுகூடத் தெரியவில்லை என்று ஹாரிசன் சொல்கிறார். மருத்துவர் விடுவதாயில்லை, அவர் கையைப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி எழுத வைக்கிறார். அரிச்சுவடிப் பிள்ளைக்கு நெல்லில் எழுத வைப்பதுபோல, உலகமே அறிந்த ஒரு பெயரை. அந்தக் கிதாரோடு சிறுவன் நிற்கும் படம் பிறகு 'நேஷனல் என்க்வயரர்' இதழில் வந்தது. மருத்துவர் தரப்பு குற்றச்சாட்டுகளை மறுத்தது. சில நாட்களிலேயே வழக்கு சமரசமாயிற்று. கிதாரை அவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. மனுவில் உள்ளது அத்தனையும் அப்படியே நடந்ததா என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே நீங்கள் வாசிக்க வேண்டும்.

ஆனால் படம் அச்சில் வந்தது. கிசுகிசு இதழ் ஒன்றுக்கு நோயாளியின் அறை வரைக்கும் வழி எப்படித் திறக்கிறது என்று அது காட்டுகிறது. நிருபர் சுவரேறிக் குதிப்பதில்லை. அறையில் இருக்க நியாயமான காரணம் உள்ள ஒருவர், செவிலியரோ ஓட்டுநரோ உறவினரோ, தம்மிடம் இருப்பது விலைபோகும் பொருள் என்று உணர்கிறார், அவ்வளவுதான். பணம் கொடுத்துச் செய்தி வாங்குவது இந்த இதழ்களின் அன்றாடத் தொழில்முறை. நோயாளிக்கு அதனால் நேரும் இழப்பு, தம்மைச் சுற்றியிருக்கும் எல்லோரையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டிவருவது. சாகும் தறுவாயில் ஒருவருக்கு அதைவிடக் கொடியது என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

விளம்பரத்தால் வாழ்ந்தவர்கள் என்று சொன்னீர்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஹாரிசனுக்கு அது பொருந்தாது. பீட்டில்ஸ் நால்வரில் அந்தப் புகழை முதலில் சுமையாக உணர்ந்தவர்களில் ஒருவர் அவர். ஹென்லி நகரத்துப் பழைய மாளிகையில் பல ஆண்டுகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். தன்வரலாற்று நூலை உலகெங்கும் உள்ள தோட்டக்காரர்களுக்குக் காணிக்கையாக்கினார். 1999 டிசம்பர் 30 விடியலில் அந்த வீட்டுக்குள்ளேயே புகுந்து ஒருவன் அவரைக் கத்தியால் குத்தினான். ஒலிவியா கையில் கிடைத்ததைக் கொண்டு அவனை அடித்துத்தான் கணவரைக் காப்பாற்றினார். அதற்கு ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் நாம் பேசும் அந்த ஜூலை வருகிறது. அந்தத் தம்பதியின் அறிக்கையில் தொனித்த கோபத்தை வாசிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் உங்கள் வாதத்தின் வலுவான வடிவத்துக்கே பதில் சொல்ல வேண்டும். விளம்பரத்தைத் தேடி ஓடிய ஒருவர் என்றே வைத்துக்கொள்வோம். ராக் பாடகர் ஆஸி ஆஸ்பர்னை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தோடு வீட்டுக்குள் கேமராவை அனுமதித்துத் தொலைக்காட்சித் தொடரே நடத்தியவர். அவர் மரணப் படுக்கையில் இருக்கிறார் என்று கிசுகிசு இதழ்கள் எழுதின, பிள்ளைகள் மறுத்துக்கொண்டிருந்தார்கள். 2020 ஜனவரியில் அவர் தாமே தொலைக்காட்சியில் அமர்ந்து, தமக்குப் பார்க்கின்சன் நோய் என்று சொன்னார். அது தெரியவந்து ஏறக்குறைய ஓராண்டு ஆகியிருந்தது. அதன்பின் 2025 ஜூலை 5 அன்று, பிறந்த ஊரான பர்மிங்காமில், எழுந்து நிற்க முடியாத நிலையில் கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி கடைசி முறையாகப் பாடினார். ஜூலை 22 அன்று இறந்தார். அந்த உடம்பை, அந்த நடுக்கத்தை அவர் ஒளிக்கவே இல்லை. இதழ்கள் திருட முயன்றதும் அதே உடம்புதான். வெளிச்சத்தை அணைக்கும் உரிமையை இவர்களில் பலர் கேட்கவில்லை. எப்போது ஏற்றுவது என்று முடிவுசெய்யும் உரிமையைத்தான் கேட்டார்கள். வீட்டுக்குள் தொலைக்காட்சியை அனுமதித்தவர் நோயை மட்டும் ஓராண்டு வைத்துக்கொண்டதில் எனக்கு முரண்பாடு எதுவும் தெரியவில்லை. நாமும் கல்யாணத்துக்கு ஊரையே அழைக்கிறோம். மருத்துவப் பரிசோதனை முடிவைப் பந்தலில் வாசிப்பதில்லை.

பாடகர் டேவிட் போவி அந்த ஓராண்டை முழுமையாக வென்றவர். ஏறத்தாழ 18 மாதங்கள் புற்றுநோயோடு இருந்தார். உடன் வேலை செய்தவர்களிலேயே வெகு சிலருக்குத்தான் தெரியும். 2016 ஜனவரி 8, அவருடைய 69ஆம் பிறந்தநாள் அன்று, கடைசி இசைத்தட்டு வெளியானது. ஜனவரி 10 அன்று இறந்தார். இடைப்பட்ட இரண்டு நாள் உலகம் அந்தப் பாடல்களை வெறும் பாடல்களாகக் கேட்டது. மூன்றாம் நாள் அதே வரிகள் வேறாக ஒலித்தன. ஏதேனும் ஒரு மருத்துவமனை ஊழியர் 2015இல் தொலைபேசியை எடுத்து ஓர் இதழை அழைத்திருந்தால், அந்த இரண்டு நாளும் இல்லை, மூன்றாம் நாளும் இல்லை. அந்த 18 மாதங்களில் நமக்குத் தெரியாமல் இருந்ததால் நீங்களோ நானோ இழந்தது எதுவும் என் நினைவுக்கு வரவில்லை.

உங்கள் கடைசிக் கேள்விக்கு, அறிய விரும்புவது பிழையல்ல என்றே சொல்வேன். நமக்கு வயதாகும்போது நாம் கேட்டு வளர்ந்த பாடகருக்கும் வயதாகிறது. அவருடைய எக்ஸ்ரேயில் நாம் நம்முடையதைத் தேடுகிறோம். டாப்லாய்டு ஆசிரியர்களுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் இருபது வயதுப் பாடகியின் காதலுக்கு நிகராக எழுபது வயதுக் கிதார்க்காரரின் இதயமும் அங்கே விலைபோகிறது. ஆனால் விருப்பம் வேறு, உரிமை வேறு. ஹாரிசன் உங்களுக்குத் தர ஒப்புக்கொண்டது பாட்டை. அதை நாற்பது வருடம் குறைவில்லாமல் தந்திருக்கிறார்.

நான் வெளியே நின்று தீர்ப்புச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஹாரிசன் இறந்த இடமாகச் சான்றிதழில் முதலில் பதிவானது ஒரு பொய் முகவரி. பிறகு அதைத் திருத்தினார்கள். இந்திய மண்ணோடும் சிதார் கலைஞர் ரவிசங்கரோடும் அவருக்கிருந்த உறவால், அஸ்தியைக் கங்கையில் கரைக்கப் போகிறார்கள் என்று 2001 டிசம்பர் முதல் வாரத்தில் செய்தி பரவியது. காசிப் படித்துறைகளில் நிருபர்கள் கேமராவோடு காத்துக் கிடந்தார்கள். அந்த வாரம் முழுவதும் நான் காலையில் நாளிதழைப் பிரித்ததும் தேடியது அந்தப் படத்தைத்தான்: படகு, கலசம், வெள்ளைச் சேலையில் ஒலிவியா. நிருபர்கள் கண்ணில் குடும்பத்தார் யாரும் படவில்லை. படம் வரவில்லை. எனக்கு அன்று ஏமாற்றமாக இருந்தது என்பதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்