டயர் உரசும் டஸ்டர்: ரிம் மாற்றுவதா, ஸ்பிரிங்கை நகர்த்துவதா?

கேள்வி: என்னுடையது 1970 பிளிமத் டஸ்டர். பின்னால் 8 அங்குல அகலமுள்ள 15 அங்குல ரிம், பேக்ஸ்பேஸிங் (ரிம்மின் உள் விளிம்பிலிருந்து டிரம்மில் பொருந்தும் முகம் வரையிலான தூரம்) 5 அங்குலம், டயர் 255/60 ஆர்15. வளைவில் திரும்பினால் டயரின் உட்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கில் (பட்டை ஸ்பிரிங்கில்) உரசுகிறது. 4½ அங்குல பேக்ஸ்பேஸிங் உள்ள ரிம் வாங்கினால் போதும் என்கிறார் கடைக்காரர். டிரம் முகத்திலிருந்து ஸ்பிரிங் வரை 5¾ அங்குலம், வெளியே ஃபெண்டர் மடிப்பு வரை 5⅜ அங்குலம் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உரசல் உள்ளேயிருந்து வெளியே இடம் மாறும், அவ்வளவுதான். நீங்கள் அளந்த இரண்டு எண்களையும் கூட்டினாலே இது தெரிந்துவிடும்.

5¾, 5⅜ இரண்டும் சேர்ந்து 11⅛ அங்குலம். டயருக்கு இருக்கும் மொத்த இடம் இதுதான். 255 டயரின் அகலம் 7½ அங்குல ரிம்மில் அளந்து சொல்லப்படுவது. ரிம் அரை அங்குலம் கூடினால் டயர் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் விரியும். ஆக உங்கள் ரிம்மில் அது சுமார் 260 மி.மீ., அதாவது 10.2 அங்குலம். மிஞ்சுவது 0.9 அங்குலம். ஸ்பிரிங் பக்கம் குறைந்தது ½ அங்குலமும் ஃபெண்டர் பக்கம் ¾ அங்குலமும் விட வேண்டும். மொத்தம் 1¼. எந்த ரிம் போட்டாலும் மூன்றில் ஒரு பங்கு அங்குலம் பற்றாது. வெளியே கூடுதலாக விடச் சொல்வதற்குக் காரணம் உண்டு: வண்டி சாயும்போது ரப்பர் புஷ்ஷும் ஷேக்கிளும் (ஸ்பிரிங்கின் பின் முனையைத் தாங்கும் இணைப்பு) வளைந்துகொடுத்து ஆக்ஸில் பக்கவாட்டில் நகரும், கூடவே டயர் மேலேறி மடிப்புக்குள் நுழையும்.

உங்கள் இப்போதைய நிலை: 8 அங்குலம் என்பது டயர் உட்காரும் இடத்தின் அகலம். விளிம்போடு சேர்த்தால் ரிம் சுமார் 9 அங்குலம். டயர் ரிம்மை விட்டு ஒவ்வொரு பக்கமும் 0.6 பிதுங்கும். பேக்ஸ்பேஸிங் 5, பிதுக்கம் 0.6. ஸ்பிரிங்குக்கு மிச்சம் 0.15 அங்குலம். உரசாமல் என்ன செய்யும்? 4½ ரிம் போட்டால் உள்ளே 0.65 கிடைக்கும், வெளியே 0.28தான் இருக்கும். நான்கு பேர் ஏறினால் ஃபெண்டர் மடிப்பு டயரைச் சீவும்.

இரண்டு வழிதான் உருப்படியானவை. செலவு குறைந்தது, டயரை 235/60 ஆக மாற்றுவது. உங்கள் ரிம்மில் அது சுமார் 245 மி.மீ. வரும். அதோடு டிரம்முக்கும் ரிம்முக்கும் நடுவே ⅛ அங்குல ஸ்பேசர் தகடு வைத்தால் உள்ளே 0.55, வெளியே 0.9.

255தான் வேண்டுமென்றால் அரை அங்குல ஆஃப்செட் கிட் வாங்குங்கள். ரிம்மைத் தொட வேண்டியதில்லை. ஸ்பிரிங்கின் முன் முனையைப் பிடிக்கும் ஆஃப்செட் ஹேங்கர் இரண்டும் பின் ஷேக்கிள்களும் வரும். ஸ்பிரிங் இரு பக்கமும் ½ அங்குலம் உள்ளே போகும். உங்கள் கணக்கில் உள்ளே 0.65, வெளியே 0.78 ஆகிவிடும். ஆனால் பலர் கிட் பெட்டியைப் பிரித்த பிறகுதான் கவனிக்கிறார்கள்: ஆக்ஸில் குழாயில் வெல்டு செய்திருக்கும் ஸ்பிரிங் பெர்ச்சும் (ஸ்பிரிங் வந்து உட்காரும் தட்டு) அதே அளவு உள்ளே வர வேண்டும். உங்கள் டஸ்டர் போன்ற ஏ-பாடி வண்டிகளில் (க்ரைஸ்லரின் சிறிய கார் வரிசை) பெர்ச் மையங்களுக்கு இடையே ஏறக்குறைய 43 அங்குலம். அது 42 ஆக வேண்டும். பழையதை அறுத்துத் தேய்த்துவிட்டுப் புதியது வைப்பதே நல்லது. வாங்கும்போது ஆக்ஸில் குழாயின் விட்டத்தையும், 2½ அங்குல ஸ்பிரிங் அகலத்தையும் சொல்லி வாங்குங்கள். புதிய யூ போல்ட் நான்கு அவசியம். ஒருமுறை முறுக்கி நீண்டதைத் திரும்பப் போடாதீர்கள்.

புதிய பெர்ச்சை உடனே வெல்டு செய்துவிடக் கூடாது. யூ போல்ட்டை லேசாக இறுக்கி, வண்டியின் முழு எடையும் ஸ்பிரிங்கில் இறங்கும்படி வைத்து, பினியன் (டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்ஸிலின் முன் மூக்கு) கோணத்தைப் பாருங்கள். சாலையில் ஓட்டும் வண்டிக்கு டிரான்ஸ்மிஷன் கோட்டைவிட பினியன் மூக்கு 2 முதல் 3 டிகிரி கீழே இருக்கட்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மூக்கு மேலே எழும். அந்த நிலையில் டாக் (தற்காலிகமாகப் பிடிக்கும் சிறு வெல்டு) வைத்துவிட்டு, பிறகு ஒரு அங்குலத் துண்டுகளாக, பக்கம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு வெல்டு செய்யுங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் குழாய் வளையும், பேரிங்கும் சீலும் சீக்கிரம் போகும். எர்த் கிளாம்ப்பை வெல்டுக்கு அருகிலேயே மாட்டுங்கள். கரண்ட் பேரிங் வழியாகப் போகக் கூடாது. ஸ்பிரிங் கண் போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நிற்கும்போதுதான் முழுசாக இறுக்க வேண்டும். ஜாக்கில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து கிழியும்.

கிட் வாங்குமுன் ஒன்று: உரசிய தடம் ஸ்பிரிங்கில்தானா, சக்கர அறையின் உட்சுவரிலா? சுவரில் என்றால் இந்தக் கிட்டால் பயனில்லை. சைலன்சர் குழாய்க்கும் ஹேண்ட்பிரேக் கேபிளுக்கும் அரை அங்குலம் விட்டுக்கொடுக்க இடமிருக்கிறதா என்றும் பாருங்கள். 3 அங்குலம் உள்ளே தள்ளும் கிட்டும் கிடைக்கிறது. அது சக்கர அறையை வெட்டி அகலப்படுத்துபவர்களுக்கானது. 255 டயருக்கு அது வீண் செலவு.

கேள்வி: இடது பக்கம் மட்டும் உரசுகிறது. வலது பக்கம் ஒரு விரல் போகும் அளவு இடம் இருக்கிறது. இதற்கும் கிட்தானா?

பதில்: இன்னும் காசை வெளியே எடுக்காதீர்கள். முதலில் உரசுவது பட்டையா, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பா என்று சுண்ணாம்புக்கட்டி தடவி ஓட்டிப் பாருங்கள். பல வண்டிகளில் கிளிப் போல்ட்டின் நட்டுதான் டயர் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். போல்ட்டைத் திருப்பிப் போட்டு நட்டை உட்பக்கம் கொண்டுவந்தால் ¼ அங்குலம்வரை இலவசமாகக் கிடைக்கும். கிளிப்பையே கழற்றிவிடும் யோசனை வேண்டாம். பட்டைகள் விசிறிபோல் விரியும்.

கிளிப் இல்லையென்றால், ஆக்ஸில் நடுவில் இருக்கிறதா என்று ஃபிரேமிலிருந்து அளங்கள். ஃபெண்டரிலிருந்து அளந்தால் ஏமாறுவீர்கள். அந்தக் கால பாடிகள் தொழிற்சாலையிலிருந்தே இரு பக்கமும் ஒரே மாதிரி வரவில்லை. ஆக்ஸில் தள்ளியிருந்தால் ஸ்பிரிங் பட்டைகளை நடுவில் சேர்க்கும் சென்டர் போல்ட்டின் தலை பெர்ச் துளையில் உட்கார்ந்திருக்கிறதா, போல்ட் அறுந்திருக்கிறதா, முன் புஷ் தேய்ந்திருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: ஏர் ஷாக் போட்டு பின்பக்கத்தைத் தூக்கினால் ஃபெண்டர் உரசல் நின்றுவிடுமாமே?

பதில்: நிற்கும், கொஞ்ச நாள். ஷாக் மவுண்ட் அதிர்வைத் தாங்கச் செய்யப்பட்டது, வண்டியின் எடையைத் தாங்க அல்ல. மேல் மவுண்ட் இருக்கும் தகடு கீறிப்போவது இப்படித்தான். ஸ்பிரிங் தொய்ந்திருந்தால் புது ஸ்பிரிங் வாங்குங்கள். சரியான உயரத்திலும் மடிப்பு உரசினால் மடிப்பை ரோலரால் உள்ளே மடிக்கலாம். பெயிண்ட் வெடிக்காமலிருக்க ஹீட் கன்னால் சூடாக்கிக்கொண்டே, சிறிது சிறிதாக மடியுங்கள். அது இரண்டு தகடு சேரும் ஸ்பாட் வெல்டு விளிம்பு என்பதால், முடித்ததும் இணைப்பில் சீலர் பூசாவிட்டால் அங்கிருந்தே துரு ஏறும்.

கேள்வி: 1970 டார்ட்டுக்குப் பழைய ரிம்மும் ஸ்பேசரும் வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் போல்ட் வட்டம். 1972 வரையிலான ஏ-பாடிகளில் 5 போல்ட், 4 அங்குல வட்டம். 1973 முதல் டிஸ்க் பிரேக் வண்டிகளில் 4½ அங்குலம். இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது. ஸ்பேசர் வைத்த பிறகு, ½ அங்குல ஸ்டட் என்றால் நட்டு குறைந்தது பத்துச் சுற்று ஏற வேண்டும். ஏறாவிட்டால் நீளமான ஸ்டட் போடுங்கள். உங்கள் வண்டியில் இடது பக்க ஸ்டட்டுகளுக்கு இடம்புரி மரை. க்ரைஸ்லர் 1970 மாடல் வரை அப்படித்தான் செய்தது. எனவே அந்தப் பக்கத்துக்கு இடம்புரி நட்டு ஐந்து வாங்குங்கள். இல்லையேல் ஸ்டட்டையே சாதாரண மரைக்கு மாற்றிவிடுங்கள். கழற்றும்போது வழக்கமான திசையில் பலம் கொடுத்து ஸ்டட்டை முறிப்பவர்கள் நிறையப் பேர்.