43 வயதில் 200 கி.மீ. போக டூரிங் சைக்கிள் வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. டூரிங் சைக்கிள் என்பது சுமை கட்டிக்கொண்டு பல நாள் போவதற்கானது. ஒரே நாளில் 200 கி.மீ. போக உங்களிடம் இருக்கும் சைக்கிளே போதும். ஆனால் அதோடு பதிலை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

"வாரத்துக்கு மூன்று நாள் 15 கி.மீ. ஓட்டுகிறேன், ஹைப்ரிட் சைக்கிள்தான் இருக்கிறது, இதை வைத்துக்கொண்டு 200 கி.மீ. என்று பேசுவது அதிகப்பிரசங்கித்தனமோ" என்று கேட்டிருக்கிறீர்கள். (ஹைப்ரிட் என்பது பந்தய சைக்கிளுக்கும் மலைப்பாதை சைக்கிளுக்கும் இடைப்பட்ட வண்டி.) அதற்கு ஒருவர், லட்ச ரூபாய்க்குக் குறைந்து செலவழிப்பதாக இருந்தால் ஆசையையே விட்டுவிடுங்கள் என்று பதில் எழுதியிருக்கிறார். இதே பேச்சை 44 வயதில் நானும் ஒரு கடையில் கேட்டேன். "சார், உங்கள் வண்டியில் கடற்கரை வரைக்கும் போய்விட்டு வரலாம்" என்றார் அந்த விற்பனையாளர். பணம் இல்லாததால் வாங்காமல் வந்தேன். அதற்குப் பிறகு 200 கி.மீ. முயன்று ஒருமுறை தோற்றேன், பிறகு முடித்தேன். இரண்டும் அதே சைக்கிளில்தான்.

நான் பயிற்சியாளர் இல்லை, மருத்துவரும் இல்லை. 200 கி.மீ. தூரத்தை எட்டு மணி நேரத்தில் முடிப்பவர்கள் இந்தத் தளத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. பகல் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறவர், ஞாயிறு காலை மட்டுமே தனக்கென்று கிடைக்கிறவர் என்று உங்களை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் கதை 2019 ஜனவரியில் நடந்தது. பி.ஆர்.எம். என்று சைக்கிள்காரர்கள் சொல்லும் பயணம். பாரிஸில் இருக்கும் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற சங்கம் வகுத்த விதிகளின்படி உலகம் முழுக்க நடக்கிறது. இது பந்தயம் இல்லை. முதலாவது, இரண்டாவது என்று இடம் கிடையாது. 200 கி.மீ. தூரத்துக்கு 13 மணி 30 நிமிடம் கொடுப்பார்கள். 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. ஒரு அட்டை தருவார்கள், வழியில் குறிப்பிட்ட இடங்களில் அதில் முத்திரை வாங்க வேண்டும். நேரத்துக்குள் வந்தால் முடித்தவர், அவ்வளவுதான்.

எங்கள் பாதை கிழக்குக் கடற்கரைச் சாலை. திருவான்மியூரில் காலை 6 மணிக்குக் கிளம்பி, மாமல்லபுரம், கல்பாக்கம் தாண்டி, கடப்பாக்கம் வரை போய் அதே வழியில் திரும்ப வேண்டும். இருட்டில் கிளம்பினோம். முட்டுக்காடு பாலத்தில் வெளிச்சம் வந்தது. சைக்கிள் பறந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வழக்கமாக 20 கி.மீ. வேகத்துக்கே மூச்சு வாங்குகிற நான் 26, 27 என்று போனேன். நான்கு மாதப் பயிற்சி பலித்துவிட்டது என்று நினைத்தேன். வழியில் எங்கும் நிற்கவில்லை. இரண்டு பிஸ்கட் பாக்கெட்டும் ஒரு பாட்டில் தண்ணீரும்தான் உள்ளே போயிருந்தன. பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடப்பாக்கத்தில் முத்திரை வாங்கிவிட்டேன்.

அங்கே சாலையோரம் ஒரு டீக்கடை. கடைக்கார அம்மா என்னைப் பார்த்து, "தம்பி, இன்றைக்கு வாடைக்காற்று பலமாக இருக்கிறது. ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ" என்றார். தோசைக்கல்லில் அப்போதுதான் எண்ணெய் விட்டிருந்தார், அந்த வாசனைகூட நினைவிருக்கிறது. நேரமாகிறது என்று சொல்லி ஒரு டீயை மட்டும் குடித்துவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

ஜனவரியில் அந்தக் கரையில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். நான் போனது தெற்கு நோக்கி. அதாவது நூறு கிலோமீட்டரும் என்னைத் தள்ளிக்கொண்டு வந்தது காற்று. என் கால் என்று நான் நினைத்தது வாடை. திரும்பிய முதல் நிமிடத்திலேயே இது புரிந்துவிட்டது. சவுக்குத் தோப்புகள் இருந்த இடத்தில் கொஞ்சம் மறைவு கிடைத்தது. பாலாற்றுப் பாலத்தில் அதுவும் இல்லை. இரண்டு பக்கமும் வெட்டவெளி. 12 கி.மீ. வேகத்தில் குனிந்து மிதித்தேன். கல்பாக்கம் வருவதற்குள் கண் முன் பூச்சி பறப்பதுபோல ஆகிவிட்டது. தொடை வலிக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. உடம்பில் எரிய எதுவும் மிச்சம் இல்லை, அதுதான். சும்மா அழுகை வந்தது. அதுவும் சர்க்கரை தீர்ந்ததன் அறிகுறிதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

மாமல்லபுரத்துக்கு வந்தபோது மணி இரண்டரை. என் மச்சானுக்கு போன் செய்தேன். அவர் சிறு லாரி எடுத்துவந்து சைக்கிளையும் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மீதி இருந்தது 50 கி.மீ. நேரம் மாலை 7.30 வரை, ஐந்து மணி நேரம். அங்கேயே ஒரு ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டு, ஒரு மணி நேரம் தரையில் படுத்துத் தூங்கியிருந்தாலும், மீதி நான்கு மணி நேரத்தில் மணிக்கு 12, 13 கி.மீ. என்று ஊர்ந்து போய் முடித்திருக்கலாம். இது அன்றைக்கு என் தலையில் ஏறவில்லை. சாப்பிடாத தலையில் கூட்டல் கழித்தல்கூட ஓடாது. கடைசி முத்திரைக் கட்டம் காலியாக இருக்கும் அந்த அட்டை இன்னும் என் பீரோவில் இருக்கிறது. இந்தக் கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுத அந்த அட்டைதான் காரணம்.

இன்னொன்றும் நடந்தது. மறுநாள் காலையில் இரண்டு கைகளிலும் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துக் கிடந்தன. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, என் மகள் போட்டுவிட்டாள். அது சரியாவதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. மணிக்கட்டின் வெளி ஓரமாகப் போகும் நரம்பு ஹேண்டில்பாரில் மணிக்கணக்காக அழுந்தினால் இப்படி ஆகும் என்றார் மருத்துவர். என் சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. அதனால் உடம்பு முன்னால் சரிந்து, எடை முழுவதையும் கை தாங்கியிருக்கிறது. சீட்டை மட்டமாக்கினேன். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை 110 மி.மீ. நீளத்திலிருந்து 80-க்கு மாற்றினேன். சில நூறு ரூபாய் செலவு. கையுறை, ஜெல் பிடி என்று அதற்கு முன் நான் வாங்கிக் குவித்தவை எதுவும் செய்யாததை அது செய்தது. சீட்டின் உயரத்துக்கு எளிய வழி: குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடிப்பக்கம் வரும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்காலில் சின்ன மடிப்பு இருக்கும். கடைக்காரர்கள் பெரும்பாலும் சீட்டைத் தாழ்வாகவே வைத்துத் தருகிறார்கள். முழங்கால் வலிக்கிறது என்று சைக்கிளையே விட்டவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்த முறைக்கு 16 வாரம் எடுத்துக்கொண்டேன். நாற்பதைத் தாண்டியவர் என்பதால் முதலில் இரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி. பார்த்துக்கொண்டேன். நீங்களும் செய்யுங்கள். வாரநாட்களில் இரண்டு நாள் காலை 5 மணிக்கு ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீளம்: 40, 50, 60 என்று மூன்று வாரம் ஏற்றி, நான்காவது வாரம் 40-க்கு இறக்கம். மறுபடி 65, 75, 85, பிறகு 50. இப்படியே 130 வரை. கடைசி இரண்டு வாரம் குறைத்துக்கொண்டேன். 130 ஓட்டியவர் 200 போக முடியுமா என்று சிலர் கேட்பார்கள். முடியும். மீதி 70-ஐ வயிறும் பொறுமையும் பார்த்துக்கொள்ளும். இது புத்தகத்தில் இருக்கும் திட்டம் இல்லை, எனக்கு ஒத்துவந்த திட்டம். தூரத்தைக் குறைக்கும் வாரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், உடம்பு தேறுவது அப்போதுதான்.

சாப்பாட்டையும் பழகினேன். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கும். ஞாயிறு சவாரிகளில் 45 நிமிடத்துக்கு ஒருமுறை, பசித்தாலும் பசிக்காவிட்டாலும், ஏதாவது ஒன்று: பழம், கடலை மிட்டாய், என் மனைவி எலுமிச்சை அளவில் உருட்டி வாழையிலையில் கட்டித் தந்த புளியோதரை. இரண்டு பாட்டிலில் ஒன்று வெறும் தண்ணீர், இன்னொன்று உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு. வேர்த்துக் கொட்டும் ஊரில் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போவது நல்லதில்லை.

2020 ஜனவரியில் அதே சாலை, அதே வாடை. இந்த முறை போகும்போது வேகத்தைப் பிடித்து வைத்தேன். கடப்பாக்கத்துக்கு 10.50-க்குத்தான் போய்ச் சேர்ந்தேன். அதே டீக்கடையில் உட்கார்ந்து மூன்று தோசை சாப்பிட்டேன். அந்த அம்மாவுக்கு என்னை நினைவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. பாலாற்றுப் பாலத்தில் அப்போதும் 12 கி.மீ. வேகம்தான். ஆனால் தலை தெளிவாக இருந்தது, எத்தனை மணிக்கு எங்கே இருப்பேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டே மிதித்தேன். மாலை 6.40-க்கு முடித்தேன். 12 மணி 40 நிமிடம். மெதுவான நேரம் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், எனக்கு அது பெருமை.

அன்று இரவு என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சைக்கிளை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று அந்த வாரம்தான் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். சுவரில் எண்ணெய்க் கறை படுகிறதாம். வாட்ச்மேன் அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார், அவர் மேல் தப்பில்லை. மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறினேன். அதே லிஃப்டில் குளிர்சாதனப் பெட்டி போகிறது, தண்ணீர் கேன் போகிறது. போன மாதம் ஒருவர் வீட்டுக்கு டிரெட்மில் போயிற்று. கீழே நிறுத்தலாம் என்றால், சைக்கிள் நிறுத்த ஒதுக்கிய இடத்தில் இரண்டாவது கார்கள் நிற்கின்றன. ஒருமுறை கீழே விட்டேன், காலையில் சீட்டைக் காணவில்லை. மாதாந்தரப் பராமரிப்புத் தொகை எல்லோரும்தான் கொடுக்கிறோம். கார் வைத்திருக்கிறவர் குடியிருப்பாளர், சைக்கிள் வைத்திருக்கிறவர் கூரியர் பையனா? நான்கு கூட்டத்தில் பேசிவிட்டேன். பதிலே இல்லை. நீங்களும் அடுக்குமாடியில் இருந்தால், புதுச் சைக்கிள் வாங்குவதற்கு முன் அதை எங்கே வைப்பது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, டூரிங் சைக்கிள். 2021-இல் நானும் ஒன்று வாங்கினேன், ஒருவர் பயன்படுத்திய பழையதுதான். அது பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அதன் வேலை வேறு. சுமையோடு பல நாள் போவதற்கென்று செய்தது அது. ட்ரெக் 520, சர்லி லாங் ஹால் டிரக்கர் என்று பேர்பெற்ற டூரிங் சைக்கிள்கள் எல்லாம் குரோமோலி என்ற கலப்பு எஃகில் செய்த சட்டம். பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரை உள்ள தண்டு பந்தய சைக்கிளில் 41 செ.மீ. அளவில் இருக்கும், இதில் 45-ஐத் தொடும். அதனால் பின்னால் பை தொங்கினாலும் குதிகால் இடிக்காது, இறக்கத்தில் வண்டி ஆடாது. சக்கரத்துக்குப் பெரும்பாலும் 36 ஸ்போக்ஸ் கம்பி. டயர் 32 மி.மீ. அல்லது அதற்கு மேல். முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரியது, மேட்டில் சுமையோடு உட்கார்ந்தபடியே ஏறலாம். 12 கிலோ பையோடு முதல் நாள் புதுச்சேரி, இரண்டாம் நாள் சிதம்பரம் வழியாகக் கும்பகோணம், மூன்றாம் நாள் தஞ்சாவூர் போனேன். என் ஹைப்ரிட்டில் அந்தச் சுமையைக் கட்டிப் பார்த்திருக்கிறேன், கேரியர் ஆடிய ஆட்டத்தில் பத்து கிலோமீட்டரில் திரும்பிவிட்டேன். ஊர் ஊராகத் தங்கிப் போவது உங்கள் ஆசை என்றால் டூரிங் சைக்கிளுக்குச் சேமியுங்கள். ஒரே நாளில் 200 என்றால் அந்தப் பணத்தில் நல்ல முன்விளக்கு, பின்விளக்கு, ஒளிரும் மேலங்கி, பஞ்சர் சாமான், இரண்டு டியூப் வாங்கியது போக மிச்சம் இருக்கும்.

அடுத்ததை இப்போதே யோசிக்க வேண்டாம். 200, 300, 400, 600 நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தவரைச் சூப்பர் ரேண்டனர் என்பார்கள். அதற்கும் மேலே பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் இருக்கிறது. 1891-இல் தொடங்கியது, இப்போது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, சுமார் 1200 கி.மீ., அதிகபட்சம் 90 மணி நேரம். நான் 300 வரை வந்திருக்கிறேன், 400-க்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் இந்த ஞாயிறு ஒன்று செய்யுங்கள். சீட்டைச் சரிபார்த்துவிட்டு, 20 கி.மீ. தள்ளி இருக்கும் ஏதாவது ஒரு டீக்கடைக்குப் போய், உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். கையா, கழுத்தா, முழங்காலா, உட்காரும் இடமா, எது முதலில் வலித்தது, எத்தனையாவது கிலோமீட்டரில் என்று கீழே எழுதுங்கள். சைக்கிளில் எதை மாற்றலாம் என்று பிறகு பார்ப்போம்.