டூப்ளிகேட் இல்ல, ரெண்டாவது

கடிதம்:

சார், போன மாசம் ஆபீஸ் வேலையா பெர்லின் போனப்ப ஷார்லோட்டன்பர்க் அரண்மனையில வாத்தோங்கற பழைய பிரெஞ்சு ஓவியரோட சித்தேரா படத்த ரொம்ப நேரம் நின்னு பாத்தேன், சித்தேரான்னா காதல் தேவதை வீனஸோட தீவாம். ஜோடி ஜோடியா ஆளுங்க, மரம், தண்ணி, படகுன்னு அப்படியே மயங்கிட்டேன். போட்டோ போட்டா ஃப்ரெண்டு ஒருத்தன் "ஒரிஜினல் பாரிஸ் லூவ்ர்ல இருக்கு, நீ பாத்தது காப்பி"ங்கறான். ஒரு மாதிரி ஆயிடுச்சு சார். மியூசியத்துல காப்பியவா மாட்டி வச்சிருப்பாங்க?

பதில்:

நண்பருக்கு,

உங்க ஃப்ரெண்டு சொன்னதுல பாதிதான் சரி. முதல்ல வரைஞ்சது லூவ்ர்ல இருக்கறதுதான், 1717. ஆனா ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சு பெர்லின் படத்த வரைஞ்சதும் அதே வாத்தோதான், அத எப்படிங்க காப்பி கணக்குல சேக்கறது.

முதல் படம் ஒரு கடமைக்காக வந்தது. பாரிஸ் ஓவிய அகாடமி 1712-லயே வாத்தோவ சேத்துக்கிச்சு, ஆனா முழு மெம்பர் ஆகணும்னா ஒரு படம் வரைஞ்சு குடுக்கணும். என்ன வேணா வரைன்னு சலுகை வேற குடுத்தாங்க, மனுஷன் அஞ்சு வருஷம் இழுத்தடிச்சு, அவங்க கேட்டு கேட்டு கடைசில ஆகஸ்ட் 1717-லதான் குடுத்தாரு. ரெண்டாவதுக்கு அந்தத் தொல்லை இல்ல, அதனாலயோ என்னமோ நெறய மாத்திட்டாரு. லூவ்ர்ல வலது ஓரத்துல வீனஸ் சிலை வெறும் மார்பளவு, பெர்லின்ல முழு உருவமா நிக்குது. ஆளுங்க ஜாஸ்தி, பறக்கற குட்டி மன்மதன்க ரொம்ப ஜாஸ்தி, படகுல பாய்மரம் வேற ஏறிடுச்சு. அப்படியே பாத்து வரையறவன் இவ்ளோ மாத்துவானா?

இதுல வேடிக்கை என்னன்னா, 1733-ல தார்தியூன்னு ஒருத்தர் தகட்டுல செதுக்கி அச்சடிச்சு ஊரெல்லாம் போனது இந்த ரெண்டாவது படம்தான், அப்ப அது ஜூலியன்னு ஒரு துணி வியாபாரிகிட்ட இருந்துச்சு, வாத்தோவோட நண்பர். முதல் படம் பாட்டுக்கு அகாடமி சுவத்துல தொங்கிட்டு இருந்துச்சு, பிரெஞ்சுப் புரட்சிக்கப்புறம் ஓவிய மாணவர்கள் அது மேல ரொட்டி உருண்டை வீசி விளையாடுனாங்கன்னு சொல்லுவாங்க, ராஜா காலத்து சோக்குன்னு அவ்ளோ வெறுப்பு. பெர்லின் படத்த பிரஷ்யா ராஜா ஃபிரெடரிக் வாங்கினாரு. 1983-ல அத அந்தப் பழைய ராஜ குடும்பத்துகிட்ட இருந்து மேற்கு பெர்லின் 1.5 கோடி மார்க் குடுத்து வாங்குச்சு, பொதுமக்களும் காசு போட்டாங்க. காப்பிக்கா இவ்ளோ செலவு பண்ணுவாங்க?

எனக்குன்னு கேட்டா லூவ்ர் படம்தான் பிடிக்கும், அத மறைக்கல. பெர்லின்ல முகூர்த்த நாள் மண்டபம் மாதிரி கூட்டம், கண்ணு எங்க நிக்கறதுன்னே தெரியல. லூவ்ர்ல தூரத்து மலையும் தண்ணியும் பனி மூட்டத்துல கரைஞ்சு போயிடும், அந்த சோகம் பெர்லின்ல கொறஞ்சிடுச்சு. படத்துல இருக்கற ஜோடிங்க சித்தேரா தீவுக்குப் போறாங்களா, இல்ல அங்கிருந்து கெளம்புறாங்களான்னு 1961-ல மைக்கேல் லெவிங்கற கலை வரலாற்று ஆய்வாளர் கேட்டாரு, கெளம்புறாங்கன்னாரு, இன்னும் சண்டை ஓயல. அந்த சந்தேகம் எனக்கு லூவ்ர் படத்துலதான் நல்லா வருது.

பாரிஸ் போனா அதையும் பாருங்க, பெர்லின் போட்டோவ போன்ல வச்சிருங்க. லூவ்ர்ல உக்காந்து படம் பாத்து வரையறவங்களும் இருப்பாங்க, அவங்க கேன்வாஸ் ஒரிஜினல் சைஸ்ல இருக்கக்கூடாதுன்னு ரூல். உங்க ஃப்ரெண்டு தேடுற காப்பி அவங்ககிட்டதான் இருக்கு.